சாளையில் நின்ற டிராக்டர்: பிடித்துக்கொண்ட இன்ஜினை மீட்பது எப்படி?

காங்கேயம் பக்கம், என் அப்பிச்சியின் தோட்டத்துச் சாளையில் ஓர் எச்எம்டி டிராக்டர் பதினைந்து ஆண்டுகளாக நின்றுகிடந்தது. முதல் வேலையாக, இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலைத் திருப்பிப் பார்த்தோம். இம்மியளவும் அசையவில்லை. "இன்ஜின் பிடித்துக்கொண்டது, எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்றார் கூட வந்தவர். எனக்கு மனம் வரவில்லை.

செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெட்டர் நிறுவனத்தோடு கைகோத்து, ஹரியானாவின் பிஞ்சோரில் 1971-இல் எச்எம்டி டிராக்டர் தயாரிப்பு தொடங்கியது. 2016-இல் மத்திய அரசு அந்தப் பிரிவை மூட முடிவு செய்தது. இனி ஒரு வண்டி அறுபட்டால் அறுபட்டதுதான். புதிதாக ஒன்று வரப்போவதில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் வறண்ட சீமை இது. இங்கே இன்ஜினுக்குள் துரு எப்படி வந்தது? சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியபோது பதில் தெரிந்தது. இரண்டு சிலிண்டர்களில் ஒன்று எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தது. மற்றதில், பிஸ்டனைச் சுற்றிக் கருப்பட்டி நிறத்தில் ஒரு வளையம். சாளையின் ஓடு ஒன்று உடைந்திருந்தது. அதற்கு நேர் கீழே வானத்தைப் பார்த்து நின்றது சைலன்சர். இன்ஜின் கடைசியாக நின்ற கணத்தில் அந்தச் சிலிண்டரின் புகைவால்வு திறந்திருக்கிறது. ஒவ்வொரு ஐப்பசியிலும் சொட்டிய நீர் நேராக உள்ளே இறங்கிவிட்டது.

இரும்பு துருவாக மாறும்போது, துருவின் வகையைப் பொறுத்து, முன்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை எடுத்துக்கொள்கிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருப்பதோ தலைமுடிப் பருமன் அளவு இடைவெளி. அதற்குள் துரு ஊதிப் பெருத்தால் ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். இந்த நிலையில் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யப் பார்ப்பது பெரும் தவறு. சக்கரத்தின் விசை முழுவதும், பிஸ்டனைத் தள்ளி இழுக்கும் தண்டான கனெக்டிங் ராடில் போய் நிற்கும். ராடு வளையும், இல்லையென்றால் பிஸ்டன் உடையும்.

நாங்கள் டீசலையும் பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் மெல்லிய எண்ணெயையும் சரிபாதி கலந்து பிஸ்டன் தலைமேல் ஊற்றினோம். கார்த்திகை விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே நுண்துளை ஈர்ப்புதான் இங்கேயும் வேலை செய்கிறது. இடுக்கு எவ்வளவு குறுகலோ, திரவத்தை அவ்வளவு வலுவாக உள்ளிழுக்கும். தினமும் காலையில் கொஞ்சம் ஊற்றி, ஃப்ளைவீல் பல்லில் கடப்பாரையைக் கொடுத்து முன்னும் பின்னும் மெல்ல அசைத்துவிட்டு வருவோம். இருபத்து மூன்றாம் நாள் ஒரு விரல்கடை நகர்ந்தது. அன்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் ஓடி வந்தார்.

வெளிப்பாகங்களுக்கு வேறு வைத்தியம். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், இவை போதும். துருப்பிடித்த பாகத்தை நெகட்டிவ் முனையிலும், ஓர் இரும்புத் துண்டைப் பாசிட்டிவ் முனையிலும் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் மூழ்கவைக்க வேண்டும். பாகத்தின் மேல் ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும். செந்துருவின் ஒரு பகுதி எலக்ட்ரான்களைப் பெற்றுக் கறுப்பு ஆக்சைடாக மாறிப் பிடி தளரும். பிரஷ்ஷால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். அமிலத்தில் போட்டால் துருவோடு நல்ல இரும்பும் கரையும். இந்த முறையில் நல்ல இரும்பு அப்படியே நிற்கும். வார்க்கும்போதே பதிந்த எண்களும் எழுத்துகளும் பிழைத்துக்கொள்ளும். எனக்கு அவைதான் முக்கியம். அந்த வண்டியின் பிறப்புச் சான்றிதழ் அவை.

சில எச்சரிக்கைகளைச் சொல்லியே ஆக வேண்டும். முனைகளை மாற்றி மாட்டினால் உங்கள் பாகமே அரிக்கப்படும். அலுமினியப் பாகங்களைப் போடக் கூடாது, சோடா அவற்றைத் தின்றுவிடும். அலுமினியத்தாலான பிஸ்டனுக்கு இந்த வழியை நாங்கள் நாடாததும் அதனால்தான். பாசிட்டிவ் முனையில் எவர்சில்வர் வேண்டாம், நச்சுக் குரோமியம் நீரில் கலக்கும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பு போட்டால் குளோரின் வாயு வரும். ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது, எனவே திறந்த வெளியில் செய்யுங்கள். பழைய பெயிண்ட் நன்றாக இருக்கும் பாகத்தைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அதுவும் உரிந்துவிடும். வெளியே எடுத்ததும் கழுவி, வெயிலில் காயவைத்து, உடனே எண்ணெய் பூச வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் புதுத்துரு படரும்.

மிஞ்சியது உடைந்துபோன ஒரு வார்ப்பிரும்புத் தாங்கி. கிணற்றுப் பம்புகளை வார்த்து வார்த்துக் கை பழகிய கோவைப் பட்டறைகள் இருக்கும்போது இதற்கு ஏன் கவலைப்பட வேண்டும்? உடைந்ததை ஒட்டி, அதையே மணலில் பதித்து வார்த்துவிடலாமே என்று கேட்டேன். மணலில் பதிக்கும் மாதிரி உருவான பேட்டர்னை மரத்தில் செய்யும் பெரியவர் தலையாட்டி மறுத்தார். உருகிய வார்ப்பிரும்பு குளிரும்போது ஏறக்குறைய ஒரு சதவீதம் சுருங்குகிறது. 300 மில்லிமீட்டர் பாகத்தைப் பார்த்து அப்படியே வார்த்தால் 297 தான் வரும். போல்ட் துளைகள் பொருந்தாது. அவரிடம் இதற்கென்றே ஓர் அளவுகோல் இருந்தது. அதில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் அந்தச் சுருக்கத்தின் அளவுக்குச் சற்று நீளம். லேத்தில் கடைந்து எடுக்க வேண்டிய முகங்களுக்கு இன்னும் கொஞ்சம் சதை சேர்த்தார்.

பேட்டர்னின் உட்புறத்தில் 2024 என்ற எண்ணை ஒட்டித் தரும்படி கேட்டுக்கொண்டேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நாளை யாராவது அந்தத் தாங்கியைக் கழற்றினால், இது பிஞ்சோரில் பிறந்த இரும்பில்லை, கோவையில் வார்த்தது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.