எந்தக் கிருமிக்கு எந்த மருந்து?

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால் பலரும் என்னிடம் கேட்பது இது: "ஆன்டிமைக்ரோபியல் என்று போட்டிருக்கிறதே, ஆன்டிபயாடிக் தானே அது?" இல்லை. ஆன்டிமைக்ரோபியல் என்பது மொத்தக் குடும்பத்தின் பெயர். பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக் அதில் ஒரு பிரிவுதான். வைரஸைத் தடுக்கும் மருந்து, படர்தாமரைக்குப் போடும் பூஞ்சைக் களிம்பு, மலேரியா மாத்திரை எல்லாமே அதில் அடக்கம். காயம் துடைக்கும் கிருமிநாசினியையும் அதில் சேர்ப்பார்கள்.

இது தெரியாமல் சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவதுதான் என் கவலை. சாதாரணச் சளி வைரஸால் வருவது. அந்த மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள்தான் அடிபடும். மருந்துக்குத் தாக்குப்பிடிக்கிற ரகங்கள் மட்டும் தப்பித்துப் பெருகும்.

அது எங்கள் மேஜையில் கண்ணுக்கு நேராகத் தெரியும். சிறுநீரிலிருந்து பிரித்த பாக்டீரியாவைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்ந்த சின்னக் காகித வில்லைகளை மேலே வைத்து, சுமார் 35 டிகிரி சூட்டில் ஓர் இரவு விடுவோம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். செய்யாவிட்டால் வில்லையின் விளிம்பு வரை பாக்டீரியா படலமாக மண்டிக் கிடக்கும். வட்டமே விழாத வில்லைகள் வரிசையாக இருக்கும் தட்டைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். அந்த நோயாளிக்கு வாயால் சாப்பிடும் மாத்திரை எதுவும் மிச்சமில்லாமல் போகலாம். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், 1945 நோபல் உரையிலேயே, போதாத அளவில் மருந்து கொடுத்தால் கிருமிகள் பழகிவிடும் என்று எச்சரித்திருந்தார்.

ஆன்டிமைக்ரோபியல் என்று போட்ட சோப்பு வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். ட்ரைக்ளோசான் உள்ளிட்ட 19 வேதிப்பொருட்களில் ஏதாவது ஒன்று கலந்த கை, உடல் சோப்புகளை விற்க அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-இல் தடை விதித்தது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும் விட அவை மேலானவை என்று தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை. துணியில் ஆன்டிமைக்ரோபியல் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் வியர்வை நாற்றத்தைக் குறைப்பதைத்தான் குறிக்கிறது, நோய்த் தடுப்பை அல்ல.

டாக்டர் கல்ச்சர் டெஸ்ட் (மாதிரியில் இருக்கும் கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) எழுதினால், முடிந்தவரை முதல் மாத்திரைக்கு முன்பே மாதிரியைக் கொடுத்துவிடுங்கள். மருந்து உள்ளே போனபிறகு எடுத்தால் தட்டில் எதுவும் வளராமல் போகலாம். ஏற்கெனவே ஏதாவது போட்டிருந்தால் மறைக்காதீர்கள், மாத்திரை அட்டையையே கொண்டுவந்து காட்டுங்கள்.