முட்டியில் இருக்கிறது சுக்கான்

அடைமழை கொட்டி ஓய்ந்த பத்தாவது நிமிடத்தில் உங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் ஓடும் பெரிய லோங்காங்கை, அதாவது வடிகாலை, எட்டிப் பாருங்கள். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுதான். மழை நேரத்தில் உள்ளே இறங்குவது உயிரோடு விளையாடுவது. எங்கள் பக்கத்துக் கால்வாயின் நடுவில் ஒரு சிமெண்டுத் தூண் இருக்கிறது. தேத்தண்ணீர் நிறத்தில் வரும் வெள்ளம் அதன் முகத்தில் மோதி மேடு கட்டும். தூணுக்குப் பின்னால் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் சிக்கிய காய்ந்த இலை கீழே போகாது. மெல்ல எதிர்த்திசையில் ஏறித் தூணை ஒட்டிக்கொண்டு சுற்றும். சுற்றிலும் தண்ணீர் தலைதெறிக்க ஓடும்போது இலை மட்டும் காப்பிக் கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதுபோல் இருக்கும்.

பாறை ஆற்றில் கேனூ என்ற சிறு துடுப்புப் படகை ஓட்டும் வித்தையில் முக்கால்வாசி அந்த இலைக்குத் தெரியும். மீதிக் கால்வாசி நம் முட்டியில் இருக்கிறது.

முதலில் மேடும் பள்ளமும். ஓடிவரும் நீர் தூணில் மோதி நிற்கும்போது அதன் வேகம் உயரமாக மாறுகிறது. நீரின் வேகத்தை அதனாலேயே பெருக்கி 19.6ஆல் வகுத்தால் மேட்டின் உயரம் மீட்டரில் கிடைக்கும். விநாடிக்கு 1.5 மீட்டர், அதாவது எம்ஆர்டி ரயிலைப் பிடிக்க விரைந்து நடப்பவரின் வேகம் என்றால் சுமார் 11 சென்டிமீட்டர். 3 மீட்டர் என்றால் 46. வேகம் இருமடங்கானால் உயரம் நான்கு மடங்காகிறது. தள்ளும் விசையும் இப்படித்தான் எகிறும். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வரும் நீர் ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறக்குறைய 460 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். பாறையில் குறுக்காக மாட்டிய படகு காகிதக் கப்பல்போல மடிவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

பாறைக்குப் பின்னால் நீர்மட்டம் தாழ்ந்திருப்பதால், கீழே உள்ள தண்ணீர் அந்தப் பள்ளத்தை நிரப்பத் திரும்பி மேலே வருகிறது. இந்தத் திரும்புநீரைத்தான் துடுப்புக்காரர்கள் ‘எடி’ என்கிறார்கள். ஆற்றின் நடுவே கிடைக்கும் திண்ணை அது. மூச்சு வாங்கலாம், அடுத்த பாறையைப் பார்த்து வழி யோசிக்கலாம். ஆனால் கீழே ஓடும் நீருக்கும் மேலே திரும்பும் நீருக்கும் நடுவில் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. புதியவர்கள் கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான். நானும் அங்கேதான் கவிழ்ந்தேன், ஒரே காலையில் நான்கு தடவை.

அது சிங்கப்பூரில் நடக்கவில்லை. நம் ஊரில் அதற்கு வாய்ப்பே இல்லை. நுரைத்துப் பாயும் வெள்ளைநீருக்குச் சரிவு வேண்டும். நம்மிடம் உள்ள உச்சி புக்கிட் தீமா, சுமார் 164 மீட்டர். ஆறுகள் என்று சொல்லிக்கொள்ள இருந்தவையும் நீர்த்தேக்கங்களாகிவிட்டன. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபிறகு சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் ஒரே நன்னீர்க் குளத்தில் போய் நிற்கின்றன. அதனால் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் கண்ணாடித் தண்ணீரில் பழகிவிட்டு, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசை பிடித்து, மலேசியாவில் பேராக் மாநிலத்தின் கோப்பெங்கில் ஓடும் கம்பார் ஆற்றுக்குப் போகிறோம். தித்திவங்சா மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு. காரில் போக அரைநாள், கவிழ அரை விநாடி.

படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேல்தளம் மூடிய கேனூவைப் பார்த்தால் எல்லாரும் ‘கயாக்’ என்றுதான் சொல்வார்கள். கயாக்கில் காலை நீட்டி உட்கார்ந்து இரண்டு முனையிலும் தட்டையான இலை உள்ள துடுப்பைப் போடுவார்கள். இதில் கட்டுமரக்காரரைப்போல மண்டியிட்டு, ஒரே இலை உள்ள துடுப்பைப் பிடிக்க வேண்டும். இடுப்பைச் சுற்றிய ரப்பர் பாவாடை, படகின் வாயை மூடித் தண்ணீரைத் தடுக்கும். தொங்கும் கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டும் ஒலிம்பிக் சலாலம் போட்டிக்கான ஒற்றையர் கேனூ குறைந்தது 3.5 மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் இருக்க வேண்டும். ஆண்களுக்கான போட்டி 1972 மியூனிக் ஒலிம்பிக்கிலேயே இருந்தது. பெண்களுக்கு அது வந்து சேர்ந்தது தோக்கியோ ஒலிம்பிக்கில்தான். ஆஸ்திரேலியாவின் ஜெசிக்கா ஃபாக்ஸ் அங்கேயும் 2024இல் பாரிஸிலும் தங்கம் வென்றார். அரை நூற்றாண்டுத் தாமதத்துக்கு எந்த இயற்பியலும் காரணமில்லை.

மண்டியிட்டால் உடல் உயரும். தூரத்துப் பாறை தெரியும், துடுப்பை ஆழமாக ஊன்றலாம், முதுகின் முழு பலமும் இழுப்பில் இறங்கும். கூடவே எடை மையமும் உயர்ந்துவிடுவதால் படகு தளும்பும். ஒரே பக்கம் துடுப்புப் போடுவது இன்னொரு தொல்லை. இடப்பக்கம் இழுத்தால் படகின் மூக்கு வலப்பக்கம் ஓடும். ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் துடுப்பை வெளியே தள்ளித் திருத்தலாம்தான். அது ஓடும் சைக்கிளில் அடிக்கடி பிரேக் பிடிப்பதுபோல. கைதேர்ந்தவர்கள் செய்வது வேறு. படகைத் துடுப்புப் பக்கமே கொஞ்சம் சாய்த்து, அந்தப் பக்கமாக ஒரு பெரிய வட்டத்தில் ஓடவிடுவார்கள். வட்டத்தில் ஓடும் படகின் வால் வெளியே வழுக்கும். மூக்கின் வெளிப்புறத்தில் தண்ணீர் குவிந்து மூக்கை உள்ளே தள்ளும். துடுப்பின் இழுப்போ அதை வெளியே தள்ளும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட, திருத்தமே இல்லாமல் படகு போகும். எனக்கு இது பிடிபட ஒரு வருடம் ஆனது.

இப்போது எல்லைக்கோட்டுக்கு வருவோம். ஆறு விநாடிக்கு 2 மீட்டரில் கீழே போகிறது, எடி அரை மீட்டரில் மேலே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு எடிக்குள் நுழைந்துவிட்டது, வால் இன்னும் ஆற்றில். ஒரு முனையை மேலேயும் மறுமுனையைக் கீழேயும் தண்ணீரே இழுக்கிறது. ஓரிரு விநாடியில் படகு திரும்பி ஆற்றின் மேல்திசையைப் பார்த்து நிற்கும். சுற்றும் வேலையை ஆறு செய்கிறது. நம் வேலை, கோட்டைத் தயங்காமல் வேகத்தோடு வெட்டுவதும் துடுப்பை எடிக்குள் ஊன்றுவதும்தான்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அதைத்தான் நான் மறந்தேன். நம் உடல் ஆற்றின் வேகத்தில் கீழே போய்க்கொண்டிருக்கிறது. படகுக்கு அடியில் உள்ள தண்ணீர் திடீரென்று எதிர்த்திசைக்கு மாறிவிடுகிறது. பேருந்து ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டால் நின்றிருப்பவர் முன்னால் சாய்வாரே, அதேதான். முன்கூட்டியே தெரிந்தால் பின்னால் சாய்ந்து தயாராக இருப்போம். படகிலும் திரும்பும் வட்டத்தின் உட்புறமாகச் சாய வேண்டும். அப்போது எதிரே வரும் நீர் படகின் வழவழப்பான அடிவயிற்றில் பட்டு நழுவும். சாய மறந்தால் விளிம்பைப் பிடித்து உருட்டிவிடும். எடியிலிருந்து ஆற்றுக்குள் வெளியேறும்போதும் இதே விதி.

நான்காவது தடவை என்னைக் கரைக்கு இழுத்த ஈப்போக்கார அண்ணன், படகைக் கவிழ்த்து உள்ளே பார்த்தார். “தம்பி, உன் மேல தப்பில்ல. முட்டியத் தூக்குற, படகு வர மாட்டேங்குது. முட்டி மட்டும்தான் வருது.”

அது இரவல் படகு, என்னைவிடப் பெரிய ஆளுக்காக அமைத்தது. சாய்ப்பது தோளின் வேலையல்ல. தோளைச் சாய்த்தால் தலையும் சேர்ந்து போகும். ஒரு முட்டியை அழுத்தி மறு முட்டியைத் தூக்க வேண்டும், தலை படகுக்கு நேர் மேலேயே இருக்க. முட்டிகளுக்கு நடுவே 40 சென்டிமீட்டர், தொடையைப் படகோடு பிணைக்கும் பட்டையில் 2 சென்டிமீட்டர் தளர்ச்சி என்றால் சுமார் 3 டிகிரி வீண். நாம் சாய்ந்துவிட்டோம் என்று மூளை நம்பும். படகு இன்னும் சாய்ந்திருக்காது. தைப்பூசத்தில் காவடி கட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். இடுப்புப் பட்டை தளர்ந்தால் ஆள் ஒரு தாளத்தில் ஆடுவார், காவடி இன்னொரு தாளத்தில் ஆடும். அப்புறம் காவடிதான் ஆளை ஆட்டும்.

ஊர் திரும்பி, உள்ளமைப்பைப் புதிதாகச் செய்தேன். நடுவில் குதிரைச் சேணம்போல ஒரு ஃபோம் இருக்கை. இதற்கு மூடிய அறை ஃபோம்தான் வேண்டும். ஒவ்வொரு குமிழும் தனியே அடைபட்டிருப்பதால் குளியலறைப் பஞ்சைப்போலத் தண்ணீர் குடிக்காது. உயரம்தான் தலைவலி. உயர்த்தினால் கணுக்காலுக்குச் சுகம், படகுக்குத் தள்ளாட்டம். தாழ்த்தினால் நேர்மாறு. முதலில் கூடுதல் உயரமாக வெட்டி, மெக்ரிட்சியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்து, அரை சென்டிமீட்டராகச் சீவிக் குறைத்தேன். சீவியதை ஒட்ட முடியாது என்பது தச்சருக்குத் தெரிந்த பாடம். இருக்கை லேசாக முன்பக்கம் சரிந்திருந்தால் எடை முட்டிக்குப் போய்க் கணுக்கால் பிழைக்கும். முட்டிகள் பதியக் கிண்ணம்போலக் குடைந்த மெத்தை, பின்னால் வழுக்காமல் இருக்கக் கால்விரலுக்கு முட்டுக்கட்டை. தடித்த அடிப்பாகமுள்ள காலணி கூடாது; இருக்கைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும்.

பசையிலும் நம் ஊர் வானிலை குறுக்கே வந்தது. ரப்பர் பசையை இரண்டு பரப்பிலும் பூசி, கரைப்பான் ஆவியாகும்வரை காத்திருந்து ஒட்ட வேண்டும். ஆவியாகும் கரைப்பான் பரப்பைக் குளிர்விக்கும்; காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும்போது அந்தக் குளிர்ந்த பசைமேல் கண்ணுக்குத் தெரியாத பனி படியும். ஒட்டியது இரண்டே நாளில் உரிந்தது. மறுபடி, மழையில்லாத நாளாகப் பார்த்து, காற்றோட்டமான இடத்தில் வெயில் ஏறிய பிற்பகலில் ஒட்டினேன்.

தொடைப் பட்டைகள் இருக்கைக்கு முன்னே படகின் நடுக்கோட்டில் தொடங்கி, தொடைமேல் ஏறி, இடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் முடியும். இறுக்கமாக இருக்க வேண்டும். ஆனால் தலைகீழாகத் தண்ணீருக்குள் இருக்கும்போது ஒரே இழுப்பில் கழன்றுவிட வேண்டும். நீச்சல் குளத்தில், பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பழகாமல் ஆற்றுக்கு எடுத்துப் போகக் கூடாது. மீதி வெற்றிடத்தில் காற்றுப் பைகள். அவை இல்லாமல் படகு நிரம்பினால் 200 லிட்டர் தண்ணீர், அதாவது 200 கிலோ, நம்மைத் தேடிக்கொண்டு ஆற்றோடு வரும்.

அடுத்த முறை கோப்பெங்கில் அதே பாறை. கோட்டை வெட்டினேன், துடுப்பை ஊன்றினேன், முட்டியைத் தூக்கினேன். படகும் கூடவே வந்தது. சுழன்று மேல்திசையைப் பார்த்து நின்றபோது, சுற்றுலா ராஃப்ட், அதாவது ரப்பர் மிதவை, ஒன்று கூச்சலோடு பக்கத்தில் பாய்ந்து போனது. நான் லோங்காங் இலைபோல அசையாமல் மிதந்துகொண்டிருந்தேன். இருபது நிமிடம் கழித்துக் கரையேறினேன் என்று எழுத ஆசைதான். இரண்டு காலும் மரத்துப்போனதில் தவழ்ந்துதான் ஏறினேன். அண்ணன் சிரித்துவிட்டு இருக்கையை விரலால் அளந்தார். “அரை சென்டி அதிகமாச் சீவிட்டே, தம்பி.”