மெஷின் வந்துவிட்டது, கார்ட்ரிட்ஜ் யார் வாங்குவது?

சியரா லியோனின் கிழக்குப் பகுதியில் ஒரு மாவட்ட மருத்துவமனை. லேப் அறைக்குள் நுழைந்ததும் இடது பக்கம் பூப்போட்ட பெட்ஷீட் போர்த்திய பெரிய உருவம் ஒன்று நின்றது. அதன் மேல் பழைய பதிவேடுகள், ஒரு டிபன் டப்பா, பாதி எரிந்த மெழுகுவத்தி. துணியை விலக்கினால் உள்ளே முழுத் தானியங்கி பயோகெமிஸ்ட்ரி அனலைசர். யூரியா, கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை என்று மணிக்கு நூற்றுக்கணக்கில் போட்டுத் தள்ளக்கூடியது. நன்கொடையாக வந்து, நான்கு மாதம் ஓடி, கூடவே வந்த ரீஏஜென்ட், அதாவது பரிசோதனைக்கு ஊற்றும் ரசாயனம், தீர்ந்த அன்று நின்றுவிட்டது. பழுது எதுவும் இல்லை. அந்த நாட்டில் கிரியோ மொழியில் "ஹவ் டி பாடி?" என்றுதான் நலம் விசாரிப்பார்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று. நான் மெஷினைக் காட்டி அப்படிக் கேட்டேன். மூத்த டெக்னீஷியன் சிரிக்காமல் பதில் சொன்னார்: "பாடி ஃபைன். சாப்பாடுதான் இல்லை."

மருத்துவக் கருவிகளை நிறுவுவதும் பழுதுபார்ப்பதும் என் வேலை. சியரா லியோனிலும் கானாவிலும் சில வருடங்கள் அந்த வேலை பார்த்தேன். இப்போது ஊரிலிருந்து எனக்கு அடிக்கடி ஒரு போன் வரும். "எங்க ஆஸ்பத்திரியில் பழைய மெஷினை மாத்துறோம், ஆப்பிரிக்காவுக்கு அனுப்பலாமா சார்?" நல்ல மனசோடு கேட்கிறார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை, இரண்டாவது வருடம் அதற்கு ரீஏஜென்ட் யார் வாங்குவார்கள் என்று திருப்பிக் கேட்பேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இருக்காது. ஏழை நாடுகளின் மருத்துவமனைகளில் உள்ள கருவிகளில் ஏறத்தாழ 40 சதவீதம் ஓடாமல் கிடக்கின்றன என்று 2011இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. நான் பார்த்த அறைகளை நினைத்தால் அந்தக் கணக்கு எனக்கு ஆச்சரியமாக இல்லை.

பரிசோதனை வசதி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை மேற்கு ஆப்பிரிக்கா அளவுக்குக் கண்ட பகுதி குறைவு. 2013 டிசம்பரில் கினியாவின் காட்டுப்பகுதிக் கிராமம் ஒன்றில் எபோலா தொடங்கியது. அது எபோலாதான் என்று உறுதியானது 2014 மார்ச்சில், அதுவும் மாதிரிகள் பிரான்ஸ் வரை போன பிறகு. நடுவில் மூன்று மாதம். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால் மலேரியா, காலரா, லாசா காய்ச்சல் என்று எதுவாகவும் இருக்கலாம் அல்லவா? தொற்று ஓய்வதற்குள் மூன்று நாடுகளில் 28,600 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு, 11,300 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. சியரா லியோனில் முதல் எபோலா நோயாளியை 2014 மே மாதம் உறுதிசெய்தது கெனெமா அரசு மருத்துவமனையின் லேப். அவசரத்துக்கு வெளிநாட்டிலிருந்து இறக்கிய லேப் இல்லை அது. எலி மூலம் பரவும் லாசா காய்ச்சலுக்காகப் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருந்தது. அங்கே இருந்தவர்கள் தினமும் மாதிரி எடுத்து, தினமும் பைப்பெட் பிடித்த உள்ளூர்க்காரர்கள். அதனால்தான் புதிதாக ஒன்று வந்தபோது அவர்களால் கண்டுபிடிக்க முடிந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரியது. அங்கே லாசா பிரிவை நடத்திவந்த டாக்டர் ஷேக் உமர் கான் அந்த ஜூலையிலேயே எபோலாவுக்குப் பலியானார். செவிலியர்கள் பலரும் இறந்தார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் செய்த தப்பிலிருந்தே தொடங்கலாம்.

நம் ஊர் காசநோய்ப் பிரிவில் சிபிநாட் என்பார்களே, அந்த ஜீன்எக்ஸ்பர்ட் மெஷினை ஒரு மருத்துவமனையில் நிறுவினேன். அருமையான கருவி. சளி மாதிரியைக் கார்ட்ரிட்ஜ் என்ற, ஒருமுறை மட்டுமே பயன்படும் சின்ன டப்பாவில் ஊற்றி வைத்தால் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் காசநோய் இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்று சொல்லிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2010இல் இதைப் பரிந்துரைத்தது. 2012இல் ஏழை நாடுகளுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் 9.98 டாலர் என்று விலை பேசி முடித்தார்கள். 2023இல்தான் அது 8 டாலருக்குக் கீழே இறங்கியது. மெஷினை வைத்து, பயிற்சி கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடுத்த மாதம் போனால் ஓரமாக ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பாழான கார்ட்ரிட்ஜ்கள். சோதனை பாதியில் ஓடும்போது கரண்ட் போனால் அந்தக் கார்ட்ரிட்ஜ் அவ்வளவுதான், மறுபடி போட முடியாது. நோயாளியிடம் இன்னொரு முறை சளி கேட்க வேண்டும். ஜெனரேட்டர் இருக்கிறதே என்று நான் நம்பியிருந்தேன். டீசல் எந்த நேரத்தில் ஊற்றுகிறார்கள் என்று விசாரிக்கவில்லை. அறுவை சிகிச்சை நடக்கும் நேரத்தில் மட்டும்தான் ஊற்றினார்கள்.

அப்புறம் சோலார் பேனலும் இன்வெர்ட்டரும் பேட்டரியும் கேட்டு வாங்கி மாட்டினோம். மூன்றே வாரத்தில் பேட்டரி படுத்தது. காலையில் போய்ப் பார்த்தேன். மெஷினுக்கென்று வைத்த பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் இன்னொன்று, மொத்தம் பதினாறு செல்போன்கள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. செவிலியர்களுடையது, நோயாளிகளின் சொந்தக்காரர்களுடையது, வாட்ச்மேன் தம்பியுடையது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், வட்டாரத்திலேயே ராத்திரி விளக்கு எரிகிற ஒரே சுவர் அது. வேறு எங்கே போவார்கள்?

பூட்டுப் போடலாம் என்றார் மருத்துவமனை நிர்வாகி. வேண்டாம் என்றது லேப் உதவியாளராக இருந்த ஓர் அம்மா. அவர் சொன்ன யோசனை இது: வாசலில் தனியாக ஒரு சின்ன பேனல், சின்ன பேட்டரி, போனுக்கு மட்டும். ஒரு சார்ஜுக்குச் சில்லறைக் காசு. அந்தக் காசு ஒரு நோட்டில் ஏறும். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்க, ஃபியூஸ் மாற்ற, அதிலிருந்தே எடுப்பார்கள். நான் போட்ட எந்தத் திட்டமும் இவ்வளவு நாள் ஓடியதில்லை. பேட்டரி விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுளை 25 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டிருப்பார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். தகரக் கூரைக்கு அடியில் வைத்துவிட்டுக் கம்பெனியைத் திட்டிப் பிரயோசனம் இல்லை.

டிசம்பர் பிறந்துவிட்டால் ஹர்மட்டான். சஹாராவிலிருந்து வீசும் வறண்ட காற்று. வானமே வெளுத்துப்போய், மேசையில் விரலால் பெயர் எழுதும் அளவுக்குப் புழுதி படியும். மெஷினின் விசிறி ஃபில்டரை அந்த இரண்டு மூன்று மாதமும் வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறு, மைக்ராஸ்கோப் லென்சில் பூஞ்சை பிடிக்கும். மூடிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு வைத்தால் போதும். இதற்கெல்லாம் பொறியாளர் தேவையில்லை. சுவரில் ஒரு காலண்டரும், கழுவியவர் கையெழுத்துப் போட ஒரு கட்டமும் போதும்.

மலேரியாவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். ஒரு சொட்டு ரத்தத்தில் 15, 20 நிமிடத்தில் பதில் தரும் கிட், இந்தியாவில் தயாரானவை உட்பட, அங்கே மூலைமுடுக்கெல்லாம் கிடைக்கிறது. பெரிய வரப்பிரசாதம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கிட்களில் பெரும்பாலானவை தேடுவது கிருமி விட்டுச்செல்லும் ஒரு புரதத்தை. மருந்து கொடுத்துக் கிருமி செத்த பிறகும் அந்தப் புரதம் சில வாரங்கள் ரத்தத்தில் சுற்றும். போன மாதம் மலேரியாவுக்கு மருந்து சாப்பிட்ட குழந்தை இந்த மாதம் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது, கிட்டில் மறுபடி இரண்டு கோடு. மலேரியா என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். உண்மையில் நிமோனியாவாக இருக்கலாம். அந்த இடத்தில் ரத்தத்தில் கிருமியையே நேரில் தேட, ஸ்லைடு பார்க்கத் தெரிந்த ஒருவரும், கண்ணாடி சுத்தமாக இருக்கும் ஒரு மைக்ராஸ்கோப்பும் வேண்டும். கிட் வந்த பிறகு ஸ்லைடு பார்க்கும் பழக்கமே விட்டுப்போன லேப்களைப் பார்த்திருக்கிறேன். இதோடு சேர்த்து, காய்ச்சல் என்றாலே வைடால் என்ற ரத்தப் பரிசோதனை ஒன்றைப் போட்டு டைஃபாய்டு என்று எழுதும் வழக்கமும் அங்கே உண்டு. நம் ஊர்க்காரர்கள் அதைச் சொல்லிச் சிரிக்க வேண்டாம், நாமும் அதே ஜாதிதான்.

மாதிரி லேபுக்கு வரும் வழியை எல்லோரும் யோசிக்கிறார்கள். முடிவு திரும்பிப் போகும் வழியை யாரும் யோசிப்பதில்லை. ஒகாடா எனப்படும் வாடகை பைக்கில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு செம்மண் சாலையில் மாதிரி வந்துவிடும். பரிசோதனை முடிந்த தாள் அங்கேயே ஆணியில் குத்தியிருக்கும். முடிவு கேட்டு மூன்று முறை நடந்து வந்த ஒரு பெண்ணுக்கு, நான்காவது முறை நான் அங்கே இருந்தபோதுதான் காசநோய் என்று தெரிந்தது. அவருடைய தாள் ஆணியில் பதினொரு நாள் இருந்தது. அதற்குப் பிறகு சுகாதார நிலையத்தின் போனுக்கு முடிவை அன்றே அனுப்புவது என்று வைத்தோம். செலவு ஒன்றுமே இல்லை.

ஆக, என்னிடம் கேட்பவர்களுக்கு இப்போது சொல்வது இதுதான். ஒரு நாளைக்கு இருபது, முப்பது மாதிரி வரும் இடத்துக்குப் பெரிய அனலைசர் எதற்கு? எந்தக் கம்பெனி ரீஏஜென்ட்டும் ஏற்கும், பாதி வேலையைக் கையால் செய்யும் செமி ஆட்டோ மெஷின் போதும், நம் ஊரில் தெருமுனை லேப்கள் அதில்தானே ஓடுகின்றன? கம்பெனி மெஷினை இலவசமாக வைத்து, அதன் ரீஏஜென்ட்டை மட்டுமே வாங்கச் சொன்னால், கையெழுத்துக்கு முன் ஒரு பரிசோதனைக்கு என்ன செலவாகும் என்று போட்டுப் பாருங்கள். சியரா லியோனில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் 2010 முதல் அரசு சிகிச்சை இலவசம். நல்ல திட்டம். ஆனால் அவர்களிடம் வசூலித்து ரீஏஜென்ட் வாங்கலாம் என்ற கணக்கு செல்லாது, பட்ஜெட்டில் தனி ஒதுக்கீடு வேண்டும். அப்புறம் வோல்ட்டேஜ். அங்கேயும் 230தான். அமெரிக்காவிலிருந்து வந்த 110 வோல்ட் மெஷின் ஒன்றை நேராகச் சொருகிப் புகைத்த அறையில் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

பெட்ஷீட் போர்த்திய அனலைசரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஜன்னல் வெளிச்சத்துக்கு மைக்ராஸ்கோப் மேசை போடலாம் என்று நானும் அந்த மூத்த டெக்னீஷியனும் திட்டம் போட்டோம். சொத்துப் பதிவேட்டில் ஏறிய பொருள் என்பதால் அகற்ற மேலிடத்துக் கடிதம் வேண்டும் என்றார்கள். எழுதிப் போட்டோம். நான் ஊருக்குக் கிளம்பிய அன்று வரை பதில் வரவில்லை. கடைசியாக அவர் அனுப்பிய போட்டோவில் பெட்ஷீட் மட்டும் மாறியிருக்கிறது.