குண்டூசி லைக்கன்: சொல் விளக்கம்

முதுமரத்தின் பட்டை வெடிப்பில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்குக் கறுத்த காம்பும் உருண்ட தலையுமாக நெருங்கி நிற்கும் ஒருவகை லைக்கனை, அதாவது பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிரை, ஆங்கிலத்தில் பின் (pin, குண்டூசி) லைக்கன் என்பர். விரல் பட்டால் தலையிலிருந்து கரிப்பொடி போன்ற ஒன்று ஒட்டிக்கொள்ளும்; அது அதன் வித்துத்திரள் (வித்து என்பது இங்கே பூஞ்சை இனம்பெருக்கும் நுண்துகள், ஸ்போர்). இவற்றின் உறவினமான பூஞ்சைகளில் பெரும்பாலானவை பைக்குள் விளையும் வித்துகளை விசையோடு வெளியே எறிய, இவற்றிலோ பையின் சுவரே கரைந்துபோய் வித்துகள் பொடியாகத் தலையில் குவிந்து கிடக்கின்றன. மசீடியம் எனப்படும் அக்குவியலைக் காற்றும் பூச்சிகளும் மரத்துக்கு மரம் கொண்டுசேர்க்கின்றன.

லைக்கன் என்பது கிரேக்கச் சொல்; நக்குதல் என்னும் வினையோடு தொடர்புடையதாகக் கருதப்படுவது. தோலில் படரும் நோய்க்கும் அப்பெயர் உண்டு. இக்கூட்டத்தின் முதன்மைப் பேரினத்துக்குப் பூஞ்சையியல் அறிஞர் பெர்சூன் 1794இல் இட்ட காலிசியம் என்னும் பெயர் கிண்ணத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அவர் கண்ணுக்குத் தலையின் வாய் தெரிந்திருக்கிறது. ஆங்கிலேயர் கண்ணுக்கு ஊசி.

தமிழில் என்ன சொல்லலாம்? தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தமிழர் மரத்திலும் பாறையிலும் படர்வதையெல்லாம் பாசி என்றே சொல்லிவிடுவர். மசாலாவில் சேரும் கற்பாசியும் லைக்கன்தான். ஆயினும் லைக்கனின் உடலில் பெரும்பங்கு பூஞ்சை. பாசி அதனுள் குடியிருந்து உணவு ஆக்கும் துணை மட்டுமே. மேலும், ஊசிப்பாசி என்று பெயரிட்டால் திருவிழாக் கடைகளில் விற்கும் ஊசியும் பாசிமணியும் அல்லவா நினைவுக்கு வரும்! ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ஸ்டபிள் லைக்கன் என்னும் மற்றொரு பெயரைத் தழுவி, அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் அடித்தாளைக் குறிக்கும் சொல்லால் அரிதாள் லைக்கன் எனலாம். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்து நெல் உழவருக்கு அது எளிதில் விளங்கும், ஆனால் அரிதாளுக்குத் தலை இல்லை. தலையையும் காம்பையும் ஒருசேரக் காட்டும் குண்டூசி லைக்கன் என்பதே பொருத்தமானது.

மழை நேரே படாத, காற்றின் ஈரம் மட்டும் எட்டுகிற இடங்களே இவற்றுக்கு உகந்தவை: சாய்ந்த மரத்தின் அடிப்பக்கம், வேர்களுக்கிடையே உள்ள பொந்து, பட்டை உரிந்து பட்டுப்போயும் விழாமல் நிற்கும் மரம். இத்தகைய மரங்கள் நெடுங்காலம் வெட்டப்படாத காட்டிலேயே மிகுதி என்பதால், ஸ்காண்டிநேவிய, வட அமெரிக்க ஆய்வாளர் இவற்றைப் பழங்காட்டின் அடையாளமாகக் கொள்கின்றனர். ஆகவே மூணாற்றுப் பக்கம் தேட விரும்புவோர் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களை விட்டு, பழைய சோலைக்காட்டு ஓரங்களையே பார்க்க வேண்டும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் போதும். தேசியப் பூங்கா எல்லைக்குள் வனத்துறை அனுமதியின்றிப் பட்டையைப் பெயர்த்தெடுக்கக் கூடாது.