மெடிகெய்ட் வெய்வர்: நல்ல சம்பளம் வாங்குகிறவர்களும் விண்ணப்பிக்கலாம்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர், மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டம் என்றாலே "அது ஏழைகளுக்கு, நமக்கு வராது" என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டில் ஆட்டிசமோ, டவுன் சிண்ட்ரோமோ, மூளை முடக்குவாதமோ உள்ள பிள்ளை இருந்தால் அப்படி விடக்கூடாது. இவர்களை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கப் பணம் தரும் மெடிகெய்ட் வெய்வர்களில் (வழக்கமான விதிகளைத் தளர்த்தித் தரும் திட்டங்களில்), பெரும்பாலான மாநிலங்கள் பெற்றோரின் சம்பளத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளையின் பெயரில் உள்ள வருமானமும் சொத்தும்தான் கணக்கு.

இப்படி ஒரு விதி வரக் காரணம் அயோவாவைச் சேர்ந்த கேட்டி பெக்கெட் என்ற சிறுமி. கைக்குழந்தையாக இருந்தபோதே மூளை அழற்சி வந்து, மூச்சு விட வென்டிலேட்டர் தேவைப்பட்டது. வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தபோது சிக்கல் முளைத்தது. ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை மெடிகெய்ட் கொடுக்கும். வீட்டுக்குப் போனால் பெற்றோர் வருமானம் சேர்ந்து உதவி நின்றுவிடும். வீட்டுப் பராமரிப்புக்கு ஆகும் செலவோ ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு சிறு பங்குதான்! 1981இல் அதிபர் ரீகனே இதைப் பத்திரிகையாளர்களிடம் எடுத்துச் சொன்ன பிறகு கேட்டிக்கு வழி பிறந்தது. வெய்வருக்கான 1915(சி) சட்டப்பிரிவும் அதே ஆண்டில் வந்ததுதான்.

என்ன கிடைக்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வீட்டுக்கு வரும் உதவியாளர், பெற்றோர் சற்று ஓய்வெடுக்க ரெஸ்பைட் மணிநேரங்கள், குளியலறையில் கைப்பிடி, வாசலில் சாய்தளம், பெரியவர்களானால் வேலைப் பயிற்சி. சில மாநிலங்களில் பெற்றோரே பராமரிப்பாளராகச் சேர்ந்து சம்பளமும் வாங்கலாம்.

பிள்ளை அமெரிக்காவில் பிறந்திருந்தால் குடியுரிமை உண்டு. நீங்கள் எச்1பி விசாவில் இருப்பது அதன் தகுதியைக் கெடுக்காது. கிரீன் கார்டு வாங்கிய பெரியவர்களுக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு காத்திருப்பு உண்டு. குழந்தைகளுக்குப் பல மாநிலங்கள் அதைத் தளர்த்தியிருக்கின்றன.

பெரிய தலைவலி வரிசைதான். மாநிலங்கள் இடங்களுக்கு உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம் என்பதால், நாடு முழுக்க 2024இல் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் காத்திருந்தார்கள். டெக்சாஸில் சில வெய்வர்களுக்குப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே பிள்ளைக்கு மூன்று வயதானாலும் சரி, இன்றே பெயரைப் பதிந்துவிடுங்கள். வேலை மாறி வேறு மாநிலம் போனால் வரிசையில் இருந்த பழைய இடம் உங்களோடு வராது. அங்கே வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். கலிஃபோர்னியா இதில் தனி ரகம். 1969ஆம் ஆண்டின் லான்டர்மன் சட்டப்படி அங்கே இந்தச் சேவை உரிமை. இதை ஏற்பாடு செய்து தரும் 21 ரீஜனல் சென்டர்களில் உங்கள் பகுதிக்கு உரியதை அணுக வேண்டும்.

அடுத்து, பிள்ளைக்கு எத்தனை மணிநேர உதவி தேவை என்று பார்க்கும் மதிப்பீடு. நம் வீட்டார் தடுக்கி விழுவது இங்கேதான். "பல் தேய்ப்பானா?" என்று கேட்டால் அம்மா பெருமையாக "தேய்ப்பானே" என்பார். பேஸ்ட்டைப் பிதுக்கித் தருவது, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது, வாய் கொப்பளிக்க மூன்று முறை சொல்வது எல்லாம் அந்தப் பதிலில் காணாமல் போய்விடும். அந்த உதவிக்குத்தான் மணிநேரம் கணக்கிடுகிறார்கள். நல்ல நாளை வைத்துப் பேசாதீர்கள். மோசமான நாளில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். இரவு எத்தனை தடவை எழுகிறீர்கள் என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் பணம். பல மாநிலங்களில் பிள்ளை பெயரில் 2,000 டாலருக்கு மேல் இருந்தால் தகுதி போய்விடும். ஊரிலிருந்து தாத்தா பாட்டி ஆசையாகப் பேரன் பெயரில் போட்டு வைக்கும் பணமும் வினையாகலாம். உடற்குறை உள்ளவர்களுக்கென்றே இருக்கும் ஏபிள் (ABLE) சேமிப்புக் கணக்கில் போட்டால் அது இந்த வரம்புக்குள் வராது.

கிடைக்கும் மணிநேரத்தைக் குறைத்து நோட்டீஸ் வந்தால் தூக்கி மூலையில் போடாதீர்கள். குறைப்பு நடைமுறைக்கு வரும் தேதிக்கு முன்பே மேல்முறையீட்டு விசாரணை கேட்டால், பொதுவாக முடிவு வரும்வரை பழைய அளவிலேயே சேவை தொடரும். ஆனால் தோற்றால் அந்தச் செலவைத் திருப்பிக் கேட்க மாநிலத்துக்கு உரிமை உண்டு. நோட்டீஸில் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தேதியைத்தான்.