ஆரஞ்சுப் பொடி, பச்சை ஆறு

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை சிகாகோ ஆற்றில் இரண்டு விசைப்படகுகள் இறங்கும். ஒன்றில் இருப்பவர்கள் மாவுச் சல்லடையால் ஆரஞ்சு நிறப் பொடியைத் தூவிக்கொண்டே போவார்கள். மற்றது குறுக்கும் நெடுக்கும் ஓடி நீரைக் கலக்கும். சிறிது நேரத்தில் நகரின் நடுவே ஓடும் ஆறு பளீரென்று பச்சையாகிவிடும். பச்சையைத் தங்கள் நிறமாகக் கொண்டாடும் ஐரிஷ் அமெரிக்கர்களின் புனித பேட்ரிக் திருநாளுக்காக 1962 முதல் நடக்கும் கூத்து இது.

பிறந்த இடம் என்னவோ சாக்கடைதான். ஆற்றில் திருட்டுத்தனமாகக் கழிவுநீர் விடுபவர்களைப் பிடிக்க, சந்தேகப்படும் குழாயில் பிளம்பர்கள் சாயத்தை ஊற்றுவார்கள். ஆற்றில் பச்சை தெரிந்தால் குட்டு உடைந்தது. அந்த வேலை முடித்து வந்த ஒருவரின் வெள்ளை உடுப்பில் பச்சைக் கறையைப் பார்த்த பிளம்பர் சங்கத் தலைவர் ஸ்டீபன் பெய்லிக்கு, ஆற்றுக்கே நிறம் பூசும் யோசனை வந்தது. மேயர் ரிச்சர்ட் டேலியும் சம்மதித்தார்.

தொடக்கத்தில் ஆற்றில் தூவிய அந்தச் சாயம் ஃபுளோரசின். சாதாரணச் சாயம் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி, மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ஃபுளோரசின் அதோடு நிற்பதில்லை. சுமார் 490 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை விழுங்கி, கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக இழந்து, மீதியைச் சுமார் 515 நானோமீட்டர் பச்சை ஒளியாகத் தானே உமிழ்கிறது. பொடியில் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக் கிடப்பதால் விழுங்கிய ஆற்றல் அக்கம்பக்கத்திலேயே வீணாகிறது. நீலம் போன மிச்ச ஒளிதான் ஆரஞ்சாகத் தெரிகிறது. நீரில் கரைந்து விலகியதும் ஒவ்வொன்றும் ஒளிர்கிறது.

அதனால்தான் துளி சாயமே ஊரைக் கூட்டிவிடுகிறது. ஜெர்மனியில் மண்ணுக்குள் மறையும் டான்யூப் நீர் எங்கே போகிறது என்று அறிய 1877-இல் 10 கிலோ கொட்டினார்கள். ஏறத்தாழ 60 மணி நேரத்தில், 12 கிலோமீட்டருக்கு அப்பால் ஆக் ஊற்று பச்சையாகப் பொங்கியது!

சிகாகோவில் முதல் ஆண்டு கைதாராளம்: 45 கிலோ. ஒரு வாரம் பச்சை போகவில்லை. சூழலியலாளர்கள் எதிர்த்ததால் 1966-இல் தாவரச் சாயத்துக்கு மாறினார்கள். அதன் செய்முறை இன்றும் ரகசியம். இப்போது சுமார் 18 கிலோ போதுமாம்.

நிறம் மங்குவதற்கு நீரோட்டம் முக்கியக் காரணம். ஃபுளோரசின் போன்ற சாயங்களை வெயிலும் சிதைக்கும். இந்த ஆறு ஒருகாலத்தில் மிச்சிகன் ஏரியில் கலந்தது. நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரியில் கழிவு சேரக்கூடாதென்று 1900-இல் கால்வாய் வெட்டி ஓட்டத்தையே திருப்பினார்கள். ஆகவே பச்சை நீரும் ஏரிக்குப் போவதில்லை. மிசிசிப்பி இருக்கும் திசையில் நகர்ந்து கரைந்துவிடுகிறது.