குழந்தைப் படம் போட்ட பார்க்கிங்: பிரிட்டன் சூப்பர் மார்க்கெட்டில் யார் நிறுத்தலாம், டிக்கெட் வந்தால் என்ன செய்யலாம்?

பிரிட்டனில் எந்தப் பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாலும் வாசலை ஒட்டி, தரையில் குழந்தைப் படமோ தள்ளுவண்டிப் படமோ வரைந்த அகலமான பார்க்கிங் இடங்கள் சில இருக்கும். பேரன்ட் அண்ட் சைல்ட் பே என்பார்கள், பே என்றால் ஒரு கார் நிற்கும் இடம். டெஸ்கோ, ஆஸ்டா, சைன்ஸ்பரீஸ், மாரிசன்ஸ் என்று பெரிய கடைகள் எல்லாவற்றிலும் உண்டு. நம்மூரிலிருந்து புதிதாக வந்தவர்கள் இதைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். பையனுக்குப் பத்து வயசு, நிறுத்தலாமா? மனைவி நிறைமாதமாக இருக்கிறார், நிறுத்தலாமா? ராத்திரி ஒன்பது மணிக்கு வரிசையே காலியாகக் கிடக்கிறது, அப்போதும் கூடாதா? நிறுத்தினால் போலீஸ் ஃபைன் போடுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போடாது. இந்த இடங்களுக்கென்று பிரிட்டனில் தனிச் சட்டம் எதுவும் கிடையாது. எத்தனை வயது வரை, யாரெல்லாம் நிறுத்தலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கடைக்காரர் தன் கார் பார்க்கில் தானாக ஒதுக்கித் தரும் வசதி, அவ்வளவுதான். இத்தாலியில் 2021இல் இதைச் சாலைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்து, கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயது வரையிலான குழந்தை உள்ளவர்களுக்கும் அனுமதிச் சீட்டு கொடுத்து இடம் ஒதுக்க வழி செய்தார்கள். பிரிட்டன் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் சட்டம் இல்லையே, என்ன ஆகிவிடப் போகிறது என்று இருந்துவிட வேண்டாம். பணம் கட்டச் சொல்லும் டிக்கெட் வேறு வழியில் வரும், அதைப் பின்னால் பார்ப்போம்.

பக்கத்திலேயே சக்கர நாற்காலிப் படம் போட்ட இடங்கள் இருக்குமே, அவற்றோடு இவற்றைச் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. அவற்றுக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சேவையில் தடை இருந்தால் நியாயமான மாற்றங்கள் செய்து தர வேண்டும் என்று 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் கடைக்காரரைக் கட்டாயப்படுத்துகிறது. குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. அதனால் குழந்தை பே எல்லாம் நிறைந்துவிட்டது, இரண்டு நிமிஷம்தானே என்று சக்கர நாற்காலி இடத்தில் ஏற்றி நிறுத்துவது எந்த நிலையிலும் சரியில்லை. கைக்குழந்தை கதறிக்கொண்டிருந்தாலும் சரியில்லை.

சரி, இந்த பே எதற்காக? வாசலுக்குப் பக்கமாக இருப்பதால் அதுதான் சலுகை என்று எல்லாரும் நினைக்கிறார்கள், சண்டையும் அதில்தான் வருகிறது. என்னைக் கேட்டால் பக்கம் என்பது கூடுதல் வசதி. உண்மையான சலுகை அகலம். பிரிட்டனில் சாதாரண பார்க்கிங் இடத்தின் வழக்கமான அளவு 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். இப்போதைய கார்கள் பல கண்ணாடிகளோடு சேர்த்து இரண்டு மீட்டருக்கு மேல் போய்விடுகின்றன. இரண்டு பக்கமும் கார் நின்றால் கதவு பாதிதான் திறக்கும். பெரியவர்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு இறங்கிவிடலாம். கைக்குழந்தை சீட் அப்படி வராது. கதவை முழுசாகத் திறந்து, உள்ளே குனிந்து, சீட்டைக் காரோடு பூட்டி வைக்கும் ஐசோஃபிக்ஸ் அடித்தளத்தின் பிடியை ஒரு கையால் இழுத்துக்கொண்டே மறு கையால் கைப்பிடியோடு சீட்டைத் தூக்கி, ஒரு அடி பின்னால் நகர்ந்து, அதன் பிறகுதான் நிமிர முடியும். கொஞ்சம் வளர்ந்த குழந்தை என்றால் நடுவில் இருக்கும் சிவப்புப் பட்டனை அழுத்தி ஐந்து பட்டைகளையும் விடுவித்து, விறைத்துக்கொண்டு அடம்பிடிக்கும் உடம்பை வெளியே எடுக்க வேண்டும், அதுவும் பக்கத்து கார் கதவில் கீறல் விழாமல். இதற்குத்தான் ஓரத்தில் கோடு கோடாகப் போட்ட அந்தக் காலி இடம். வாசலுக்குப் பக்கத்தில் வைத்ததற்கும் காரணம் உண்டு: ரிவர்ஸ் எடுக்கும் கார்களுக்கு நடுவே கண்ணாடியில் தெரியாத உயரத்தில் ஒரு குழந்தை நடக்க வேண்டிய தூரம் குறைகிறது.

இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாக வந்துவிடும். இந்த நேரத்தில் காரில் குழந்தை இருக்கிறதா, அதை இறக்கவோ ஏற்றவோ போகிறீர்களா? ஆம் என்றால் நிறுத்துங்கள். பின்சீட்டில் கார் சீட் காலியாக இருக்கிறது, குழந்தை வீட்டில் பாட்டியிடம் இருக்கிறது என்றால் கூடாது. நீங்கள் அம்மாவா அப்பாவா என்று யாரும் கேட்கப் போவதில்லை. பேரக்குழந்தையைப் பார்க்க ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாத்தா பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று யார் கூட்டி வந்தாலும் குழந்தை கூட இருந்தால் போதும்.

வயதுதான் சிக்கல். கடைக்குக் கடை வேறுபடும், கம்பத்தில் இருக்கும் பலகையைப் பார்க்க வேண்டும். 12 வயது வரை என்று வைத்திருக்கும் கடைகள் உண்டு, சின்னக் குழந்தைகள் என்று பொதுவாக எழுதிவிட்டு நிறுத்திக்கொள்பவையும் உண்டு. 12 என்ற எண் கார் சீட் சட்டத்திலும் இருக்கிறது: பிரிட்டனில் 12 வயது ஆகும் வரை அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வரும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை, குழந்தைக்குத் தகுந்த கார் சீட் கட்டாயம், மீறினால் 500 பவுண்டு வரை அபராதம். ஆனால் விதிப்படி நிறுத்தலாம் என்பதும் நிறுத்துவது முறை என்பதும் வேறு வேறு. பத்து வயசுப் பையன் தானே பெல்ட்டைக் கழற்றி, தானே கதவைத் திறந்து, ஃபோனைப் பார்த்துக்கொண்டே இறங்கி வருவான். ஒரே ஒரு இடம் மிச்சம் இருந்து, பின்னால் இரட்டைக் குழந்தைகளோடு ஒருவர் காத்திருந்தால் அவருக்கு விட்டுவிடுங்கள்.

கணவன் கடைக்குள் ஓடிப்போய் பாலும் ரொட்டியும் வாங்கி வருவார், மனைவியும் குழந்தையும் காரிலேயே இருப்பார்கள் என்பது அடிக்கடி பார்க்கும் காட்சி. குழந்தை காரில்தானே இருக்கிறது என்று வாதம் செய்யலாம், பலகையில் இருக்கும் வாசகப்படி அது தப்பாகக்கூட இல்லாமல் போகலாம். ஆனால் கதவே திறக்கப் போவதில்லை என்றால் அந்த அகலம் உங்களுக்கு எதற்கு? தூங்குகிற குழந்தையோடு உட்கார்ந்திருக்க கடைசி வரிசைதான் அமைதியான இடமும்கூட. குழந்தையைத் தனியாகக் காரில் விட்டுப் போகலாமா என்று கேட்டால், இங்கே சட்டம் குறிப்பிட்ட வயது எதையும் சொல்லவில்லை, ஆனால் குழந்தைக்கு ஆபத்து வரும்படி விட்டுப்போவது குற்றம். விட்டுப் போகாதீர்கள்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் எனக்கே கடைக்காரர்கள் மேல் வருத்தம் உண்டு. நிறைமாத வயிற்றோடு நெருக்கமான இடத்தில் கதவுக்கும் பக்கத்துக் காருக்கும் நடுவே நுழைந்து வெளியே வருவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. இருந்தும் குழந்தை இன்னும் பிறக்கவில்லை என்பதால் பல இடங்களில் பலகையின் வாசகப்படி அவருக்கு உரிமை இல்லை. உள்ளே கஸ்டமர் சர்வீஸ் மேசையில் கார் நம்பரைச் சொல்லி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மேனேஜர் சரி என்று சொல்லக்கூடும், சொன்னால் அவர் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி காலியாகக் கிடக்கும் பே பற்றிய கேள்விக்கும் பதில் பலகையில்தான் இருக்கிறது. நேரம் எதுவும் எழுதவில்லை என்றால் 24 மணி நேரமும் அது குழந்தைகளுக்கான இடம்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உடல்நலப் பிரச்சினை உள்ள குழந்தைகளுக்கும், சக்கர நாற்காலிப் படம் போட்ட இடங்களில் நிறுத்துவதற்கான ப்ளூ பேட்ஜ் என்ற அனுமதி அட்டை கிடைக்கும், அது பெரியவர்களுக்கு மட்டும் என்று நினைத்து விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு எப்போதும் கூடவே பெரிய மருத்துவக் கருவிகள் தேவைப்பட்டாலோ, அவசரச் சிகிச்சைக்காக எந்நேரமும் வண்டி பக்கத்தில் இருக்க வேண்டிய நிலை என்றாலோ விண்ணப்பிக்கலாம். அதற்கு மேற்பட்ட வயதில், ஆட்டிசம் போன்ற வெளியே தெரியாத குறைபாடுகளையும் 2019 ஆகஸ்ட் 30 முதல் இங்கிலாந்தில் கணக்கில் எடுக்கிறார்கள். எல்லாருக்கும் தானாகக் கிடைத்துவிடாது, நடப்பதிலும் பயணத்திலும் எவ்வளவு சிரமம் என்று பார்த்துத்தான் தருவார்கள். உள்ளூர் கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும், இங்கிலாந்தில் கட்டணம் அதிகபட்சம் 10 பவுண்டு, வேல்ஸில் இலவசம்.

வெளியே தெரியாத குறைபாடு என்று சொன்னேன் அல்லவா, அதனால்தான் தனியாக இறங்கிப் போகும் ஒருவரைப் பார்த்ததும் போய்ச் சண்டை போட வேண்டாம் என்கிறேன். ஊனமுற்றோர் இடங்கள் நிறைந்துவிட்டதால் கடையிடம் கேட்டு இங்கே நிறுத்தியவராக இருக்கலாம். குழந்தையோடு முன்னால் போய்விட்ட மனைவியின் பின்னால் போகிறவராக இருக்கலாம். சும்மா சோம்பேறியாகவும் இருக்கலாம்தான், ஆனால் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு கார் பார்க்கில் கத்துவதால் அந்த கார் நகரப் போவதில்லை. கண்ணாடியில் சீட்டு ஒட்டுவது, படம் எடுத்து குரூப்பில் போடுவது எல்லாம் தேவையில்லாத வேலை. உள்ளே சொல்லுங்கள். மைக்கில் நம்பரைச் சொல்லிக் கூப்பிடும் கடைகளும் உண்டு.

அப்புறம் ட்ராலி. பொருளை டிக்கியில் ஏற்றிவிட்டு, குழந்தையையும் கட்டிவிட்டு, அந்தக் கோடு போட்ட காலி இடத்திலேயே ட்ராலியை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்து வருபவருக்கு அந்த பே பாதி உபயோகமில்லாமல் போகிறது, காற்றடித்தால் அது உருண்டு யார் கதவிலாவது இடிக்கும். முதலில் ட்ராலியைக் கொண்டுவிட்டு, குழந்தையைக் கையில் தூக்கி வந்து கடைசியாகக் கட்டினால் பிரச்சினையே இல்லை.

இனி டிக்கெட். நிறைய கடைகள் கார் பார்க்கைக் கவனிக்கும் வேலையைத் தனியார் நிறுவனத்திடம் கொடுத்துவிடுகின்றன. நுழைவாயில் கேமரா நம்பர் பிளேட்டை மட்டும்தான் படிக்கும், பின்சீட்டில் குழந்தை இருந்ததா என்று அதற்குத் தெரியாது. அதனால் குழந்தை பே டிக்கெட் வருவது பெரும்பாலும் நடந்து சுற்றும் ஆள் எடுக்கும் படங்களால்தான். சுற்றும் ஆள் இல்லாத கடையில் ஒன்றும் நடக்காது என்பதும் உண்மை.

கவுன்சில் கொடுக்கும் டிக்கெட்டையும் பி.சி.என். (பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்) என்பார்கள், தனியார் கொடுப்பதையும் பி.சி.என். (பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்) என்பார்கள். தாளின் தோற்றமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கவுன்சிலுடையது சட்டப்படியான அபராதம். தனியாருடையது, பலகையில் இருந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு நிறுத்திவிட்டு அதை மீறினீர்கள் என்று ஒப்பந்தத்தின் பெயரில் கேட்கும் பணம். இதெல்லாம் செல்லாது, கிழித்துப் போடு என்று சொல்லும் நண்பர் எல்லாருக்கும் ஒருவர் இருப்பார். அந்த ஆலோசனைக்கு வயதாகிவிட்டது. 2012ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் தனியார் இடத்தில் சக்கரத்தைப் பூட்டுவதைத் தடை செய்தது, கூடவே ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால் வண்டியின் பதிவுதாரரிடமே பணம் கேட்க இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழி திறந்துவிட்டது. 2015இல் பார்க்கிங் ஐ என்ற தனியார் பார்க்கிங் நிறுவனத்துக்கும் பீவிஸ் என்பவருக்கும் நடந்த வழக்கில், செம்ஸ்ஃபோர்டில் இலவச இரண்டு மணி நேரத்துக்கு மேல் 56 நிமிடம் நின்றதற்குக் கேட்ட 85 பவுண்டு செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இருந்தாலும் வந்த உடனே கட்ட வேண்டிய அவசியமில்லை. கடிதத்தில் தேதிகளைப் பாருங்கள். கண்ணாடியில் எதுவும் வைக்காமல் நேராகத் தபாலில் அனுப்பினால், நிறுத்திய நாளிலிருந்து 14 நாளுக்குள் அது பதிவுதாரருக்குக் கிடைத்திருக்க வேண்டும். தாமதமானால் அவர்மீது பொறுப்பைச் சுமத்த முடியாது, ஓட்டியவரிடம்தான் கேட்க வேண்டும், ஓட்டியவர் யார் என்று சொல்லும் கட்டாயமும் உங்களுக்கு இல்லை. அதனால் முறையீட்டில் “நான் நிறுத்தினேன்” என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். தொகை பொதுவாக 100 பவுண்டுக்கு மேல் போகாது, 14 நாளுக்குள் கட்டினால் 60 அளவுக்குக் குறையும்.

குழந்தை கூட இருந்தது, தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்றால் முதலில் கடை மேனேஜரிடம் போங்கள். வாடிக்கையாளர் என்று பில்லைக் காட்டினால் கடையே ரத்து செய்யச் சொல்வது உண்டு (பில்லில் குழந்தை டயப்பர் பாக்கெட் இருந்தால் இன்னும் நல்லது). அதோடு 28 நாளுக்குள் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். கார் சீட் படம், பலகையின் படம், பலகை மறைந்திருந்தால் அதன் படம் எல்லாம் இணையுங்கள். அவர்கள் மறுத்தால், அந்த நிறுவனம் பார்க்கிங் நிறுவனங்களின் எந்தச் சங்கத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து பாப்லா அல்லது ஐ.ஏ.எஸ். என்ற மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். பாப்லாவில் வாகன ஓட்டிக்குச் செலவில்லை, ஆனால் அங்கே தோற்றால் குறைந்த தொகைச் சலுகை போய்விடும். கவுன்ட்டி கோர்ட் என்று போட்டுக் கடிதம் வந்தால் மட்டும் ஒருபோதும் ஓரமாக வைக்காதீர்கள். பதில் தராமல் விட்டால் எதிராகத் தீர்ப்பாகிவிடும், அதை ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆறு வருஷம் கடன் பதிவில் நிற்கும். வீட்டுக் கடன் கேட்கப் போகும்போதுதான் வலிக்கும்.

குழந்தை பே எல்லாம் நிறைந்திருக்கும் நாட்களில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வாசலை விட்டுத் தள்ளி, வரிசையின் கடைசி இடமாகப் பாருங்கள், ஒரு பக்கம் புல்லோ நடைபாதையோ இருக்கும். குழந்தை சீட் இருக்கும் பக்கம் அந்த ஓரமாக வரும்படி, தேவைப்பட்டால் ரிவர்ஸில், நிறுத்தினால் கதவு முழுசாகத் திறக்கும். திரும்பி வரும்போது பக்கத்தில் யார் ஒட்டி நிறுத்தியிருந்தாலும் அந்தப் பக்கத்தை யாரும் அடைக்க முடியாது.